நாகஜோதியின் ஈரத்துணி

நாகஜோதியை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வேலை கேட்டு வந்து உட்கார்ந்தவள், பிரீத்திகா மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் "செய்வேன்", "பாத்திருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ரூமுக்கு எத்தனை வாசல்?" ஒன்று என்றேன். "ரெண்டு வேணும்" என்றாள். வேலைக்கு வந்தவள் கட்டடத்தில் குறை சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பின்பக்கம் இருந்த அவசரக் கதவை மேடம் திறந்து காட்டிய பிறகுதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

என் பெயர் மணிகண்டராஜ். மேடத்தின் அப்பா சிவகாசியில் நடத்துகிற அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் கலர் பார்த்தவன். காலண்டரில் அம்மன் உதட்டுச் சிவப்பு ஒரு மயிரிழை விலகி விழுந்தாலும் கண்டுபிடித்து, மெஷின்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என் வேலை. மேடம் வெளியூரில் படித்துவிட்டு வந்து சாத்தூர் ரோட்டில் பேட்டரி செல் செய்கிற பட்டறை போட்டபோது, "குறை கண்டுபிடிக்க ஒரு ஆள் வேணும், அண்ணாச்சி. உங்களை விட்டா யாரு?" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாராட்டா கேலியா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மின்சார ஸ்கூட்டர், கார் இவற்றுக்குள் இருக்கும் பேட்டரி என்பது ஒரே பொருள் இல்லை. உருளை உருளையாக நூற்றுக்கணக்கான செல்களை அடுக்கிக் கட்டியதுதான் அது. ஒரு செல்லைப் பிரித்தால் உள்ளே பாய் சுருட்டிய மாதிரி ஒரு சுருள் இருக்கும். செம்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் மெல்லிய தாள். பழைய செல்லில் மின்சாரம் வெளியே வர ஒரு சின்னப் பட்டைதான் உண்டு. சினிமாக் கொட்டகைக் கூட்டம் முழுதும் ஒரே கதவில் முண்டியடிப்பது போல எல்லா மின்சாரமும் அந்தப் பட்டைக்கு வந்து சேரும். சூடாகும். இப்போது உலகம் முழுக்க எல்லாரும் பட்டையே இல்லாத செல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். உருவமும் பெரிசு, டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டையை விடப் பருமன். தகட்டின் ஓரம் முழுவதையும் சின்னச் சின்ன இதழாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக உள்பக்கம் மடித்துவிட்டால் அந்த வட்டம் முழுதுமே கதவு ஆகிவிடும். சூடு குறையும், சீக்கிரம் சார்ஜ் ஏறும்.

சொல்வது சுலபம். மடிப்பதுதான் பாடு. எங்கள் சின்ன மெஷின் இதழைக் கசக்கித் துகளை உதிர்த்தது. ஒரு துகள் சுருளுக்குள் போனால் செல் காலி. மேடம் ஆறு மாதம் அந்த மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, "வெடிக்குக் குழாய் சுத்தின கை கிடைக்குமா பாருங்க, அண்ணாச்சி" என்றார். அப்படித்தான் நாகஜோதி வந்தாள்.

அவளுக்கு வெம்பக்கோட்டை அணைப் பக்கம் ஒரு கிராமம். வானம் பார்த்த பூமி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பட்டாசு ஆபீஸ் வேலை. எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று அதை விட்டுவிட்டு ஆடு மேய்த்தாள், மக்காச்சோளம் போட்டாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். ஏன் விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வயது நாற்பது இருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கையுறை மாட்டிய அந்த விரல்கள் செம்பு இதழ்களை மடிக்கிற அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு இதழ் கிழியாது. ஒரு துகள் உதிராது. குறை கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

மேஜைக்கு நாலு பேர். நாகஜோதியே தனக்குத் தெரிந்த பெண்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். அதில் சின்னவள் பொன்மணி, இருபத்திரண்டு வயது, போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனவள். வாய் ஓயாது. வேனில் ஏறினால் குமட்டும் என்று அவளுக்கு ஜன்னல் சீட்டை நாகஜோதி பிடித்து வைப்பாள். சாப்பாட்டு நேரத்தில் தன் தூக்குச்சட்டியிலிருந்து முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேறு பக்கம் பார்ப்பாள். "எனக்கு ஒரு நாளாச்சும் வச்சியா?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கொழுப்புக் கூடிரும்ணே" என்றாள். கேலியா அக்கறையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவர்கள் உட்கார்ந்த அறைக்கு ஒரு விதி உண்டு. ஈரம் ஆகாது. செல்லுக்குள் ஊற்றுகிற திரவத்துக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. ஒரு மூச்சு ஈரம் உள்ளே போனாலும் அமிலமாகி, செல் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அதனால் பெரிய மெஷின் ஒன்று காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, சருகாகக் காய்ந்த காற்றை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில் கூடாது, ஈரத்தலையோடு வரக்கூடாது. புடவைக்கு மேலே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு இரட்டைக் கதவு தாண்டி உள்ளே போக வேண்டும். எல்லாம் முதல் நாளே சொல்லியாயிற்று, சுவரிலும் எழுதிப் போட்டாயிற்று.

இந்த வருஷம் ஆனியில் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் கம்பெனி, மாதிரிக்கு நாற்பது செல் கேட்டது. அதுவரை வெறும் சுருளை மடித்துப் பழகியதுதான்; பட்டையில்லாத செல்லைத் திரவம் ஊற்றி மூடப்போவது அதுதான் முதல் தடவை. சோதனையில் தேறினால் ஆர்டர். நாலு பேர் மேஜை நாற்பது பேர் மேஜை ஆகும். தேறாவிட்டால் கையால் மடிப்பது ஆகாது என்று அந்த அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான். நாலு பேரும் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏற வேண்டியதுதான். மேடம் இதை நாலு பேரையும் உட்கார வைத்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மற்றவர்கள் மேடத்தைப் பார்த்தார்கள். நாகஜோதி பொன்மணியைப் பார்த்தாள்.

செய்து முடித்த செல்லை சார்ஜ் ஏற்றி, பதினாலு நாள் அலமாரியில் சும்மா வைத்து, தினமும் அளந்து பார்ப்பது என் வேலை. நல்ல செல் அப்படியே நிற்கும். கெட்டது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஐந்தாம் நாள் சில செல்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்பதாம் நாள் பத்து செல் படுத்துவிட்டன. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்குப் பத்து செல். எண்ணைப் பார்த்தேன். பத்தும் மூன்றாம் தட்டு. பொன்மணியின் தட்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பேச்சு பேச்சுன்னு இருந்தா கை எங்கிட்டு வேலை செய்யும்? எச்சி தெறிக்குதா, வேர்வை வடியுதா, என்ன எழவுன்னு தெரியலையே! உன் ஒருத்தியால நாலு பேரு பொழப்பு போவுது" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத் தவணை கேட்டு மேடம் ஓசூருக்கு எழுதினார். "நாளைக்கு ஒரு நாள் நீங்க உள்ள உட்கார்ந்து பாருங்க, அண்ணாச்சி. பொன்மணி வேலையிலதான் தப்புன்னா அவளை நிறுத்திடலாம். வேற வழியில்லை" என்றார்.

மறுநாள் காலை நானும் அங்கியை மாட்டிக்கொண்டு மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பொன்மணிக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கை சுத்தமாக வேலை செய்தது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகஜோதி, குனிந்து எதையோ எடுப்பதுபோல் அங்கியை விலக்கி, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவினாள். அதிலிருந்து நாலாக மடித்த துணி. அதைக் கீழே போட்டு, காலாலேயே விரித்து, பொன்மணியின் பாதத்துக்கு அடியில் மெதுவாகத் தள்ளினாள். துணி நனைந்திருந்தது.

"ஏ நாகஜோதி! என்னது அது?"

"சத்தம் போடாதீகண்ணே. புள்ள பயந்துரும்."

"ஈரத்துணியா? இந்த ரூமுக்குள்ளயா?"

"சொட்டாதுண்ணே. நல்லாப் பிழிஞ்சுதான் கொண்டாந்திருக்கேன்."

எத்தனை நாளாக என்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து என்றாள். அந்த அறையின் ஈரம் காட்டும் மீட்டர் எதிர்ச் சுவரில், காய்ந்த காற்று உள்ளே வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மேஜைக்கு அடியில் நடப்பது அதற்கு எங்கே தெரியும்? அங்கே மாட்டச் சொன்னவனும் நான்தான்.

நாலு பேரையும் வெளியே அழைத்து வந்தேன். சத்தம் கேட்டு மேடமும் வந்துவிட்டார். துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கிழிந்த பருத்திப் புடவைத் துண்டு.

"அக்கா, ஈரம் கூடாதுன்னு முதல் நாளே சொன்னோமே" என்றார்.

"சொன்னீக. பட்டாசு ஆபீசுலயும் சுவரு பூராவும் எழுதித்தான் போட்டிருந்தாக. ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் எழுதுன மாதிரி நடக்கும்." நாகஜோதி அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்த ரூமு அம்புட்டுக் காஞ்சு கெடக்கும்மா. அங்கியத் தொட்டாச் சடசடங்குது. பொன்மணி கையில முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு, நான் பாத்தேன். முடி நின்னா அடுத்தாப்புல என்னன்னு உங்களுக்குத் தெரியாது. பேட்டரி கெட்டா வேற செஞ்சுக்கிடலாம்."

அப்புறம் அவளே சொன்னாள். பட்டாசு ஆபீஸில் அவள் இருந்த அறையில் நாலு பெண்கள். மேல்காற்று அடித்து எல்லாம் காய்ந்துபோகிற நாட்களில் உடம்பிலும் துணியிலும் மின்சாரம் ஏறிவிடும். ஒரு சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. அதனால் வாசலில் சாக்கை நனைத்துப் போட்டு, அதில் காலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாக்கு நனைப்பதற்கு முறை வைத்திருந்தார்கள். அன்றைக்கு நாகஜோதியின் முறை. அவள் கிராமத்து வேன் பிந்திவிட்டது. மற்ற மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். வாசல் பக்கத்தில் இருந்த அழகுமீனா, "ஏட்டி, சாக்கு காஞ்சு கெடக்கு, சீக்கிரம் நனைச்சுட்டு வா" என்று சிரித்தாளாம். நாகஜோதி வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். வாளி நிறைவதற்குள் மூன்று பேரோடும் அறை போய்விட்டது.

"வெடிச் சத்தங்கூட ஞாபகம் இல்லை. அதுக்குப் பொறகு ஒரு சத்தமும் இல்லாமக் கெடந்துச்சு பாருங்க, அதுதான் இன்னும் காதுல கெடக்கு" என்றாள். அழகுமீனாவுக்கும் அப்போது இருபத்திரண்டு வயது.

சாக்கு நனைந்திருந்தால் நடந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? ஆயிரம் காரணம் இருக்கலாம். அதைத்தான் நானும் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. வேறு ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது. என்னிடம் திரும்பி, "அந்தத் துணி கெடந்ததுனாலதான் பொன்மணி தட்டு கெட்டுப்போச்சாண்ணே?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று வரவில்லை. ஆமாம் என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியும் நாந்தானா?" என்றாள்.

பொன்மணிதான் முதலில் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யக்கா, எனக்காகவா தெனமும் கொண்டாந்தீக? எனக்காகவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நாகஜோதி அவளைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்து, "நான் நின்னுக்கிடுதேம்மா. புள்ளைய மட்டும் வச்சுக்கிடுங்க" என்றாள்.

மேடம் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். "முடி நிக்கிற அளவுக்கு உள்ள மின்சாரம் ஏறுதுன்னா அது என் தப்பு அக்கா. அது செல்லுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. அதுக்குன்னு மணிக்கட்டுல மாட்டுற பட்டை இருக்கு. செல்லை அடுக்கிப் பேட்டரியாக் கட்டுற மேஜைக்கு மட்டும் கொடுத்தேன். இங்கயும் கொடுத்திருக்கணும். ஒரு வருஷமா நீங்க ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா."

நான் என் பங்குக்குப் பொன்மணியிடம் போய், "நான் வஞ்சது தப்புதான் தாயி" என்றேன். என் பெண்டாட்டி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கே நான் அப்படிச் சொன்னதில்லை. பொன்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவால்ல அண்ணாச்சி, எங்க அப்பா இன்னும் மோசமா வைவாரு" என்றாள்.

மறுநாளே பட்டைகள் வந்தன. வாட்ச் மாதிரி கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் மேஜைக்குப் போகும், மேஜையிலிருந்து பூமிக்குப் போகும். உடம்பில் ஏறுகிற மின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். நாகஜோதி பட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூமிக்குன்னா எங்கன?" என்றாள். சொன்னால் போதாதாம், காட்ட வேண்டுமாம். அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக, ஜெனரேட்டர் ஷெட்டைச் சுற்றி, கட்டடத்துக்குப் பின்னால் வேலிக்கருவேல் ஓரம் இருந்த எர்த் குழி வரைக்கும் என்னை நடக்க வைத்தாள். சிமெண்ட் மூடியைத் தூக்கச் சொன்னாள். வெயிலில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. உள்ளே செம்புக் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருந்ததைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். மண் வறண்டிருந்தது. கோடையில் அதற்குத் தண்ணீர் விட வேண்டும், அதையும் நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். அவளே குழாயடிக்குப் போய் வாளியில் பிடித்து வந்து ஊற்றினாள். மண் குடித்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

மீட்டரை மேஜைக்கு அடியில் மாற்றினோம். செல்களைப் புதிதாகச் செய்தோம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பதினாலு நாளும் நாற்பதும் அசையாமல் நின்றன. ஓசூரில் தேறின. ஆர்டர் பெரிசாக வரவில்லை, ஆனால் வந்தது. மேஜைக்கு இன்னும் ஆறு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். பொன்மணி இப்போது இரண்டாம் மேஜையைப் பார்த்துக்கொள்கிறாள், அங்கேயும் வாய் ஓயவில்லை. நான் சொல்ல வந்தது அதுவெல்லாம் இல்லை. துணி இல்லாமல் நாகஜோதி உள்ளே போன முதல் காலையைப் பற்றித்தான்.

மற்ற மூன்று பேருக்கும் பட்டையைத் தானே மாட்டிவிட்டாள். வயரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பொன்மணியை எழுப்பித் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வாசல் பக்கத்திலிருந்த அவள் நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். சுருளைக் கையில் எடுத்தாள். முதல் இதழிலேயே கிழித்துவிட்டாள். ஒரு வருஷத்தில் அவள் கிழித்த முதல் இதழ் அது.

இன்னொரு சுருளை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் இங்கனயே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கீகளா?" என்றாள்.

"என்ன பேசணும்?"

"எதையாச்சும். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தாப் போதும்."

ஸ்டூலை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். வேன்காரன் கோட்டைச்சாமி பிரேக் போடும் லட்சணத்தைத் திட்டினேன். காய்கறி வரவர ருசியில்லாமல் போனதைத் திட்டினேன். என் மருமகன், டவுன் பஸ், மேல்காற்று, ஓசூர், ஒருத்தரையும் விடவில்லை. பொன்மணி பதிலுக்குப் பதில் பேசினாள், மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நாகஜோதியின் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது, முதலில் மெதுவாக, பிறகு பழைய மாதிரி. பதினோரு மணி சுமாருக்கு எனக்குத் தொண்டை வறண்டு, திட்ட ஆளும் தீர்ந்துபோய், பேச்சு நின்றுவிட்டது. அறையில் சத்தமே இல்லை.

அவள் கையை நிறுத்தினாள். தலையைத் தூக்கி மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருத்தி. இன்னொருத்தி. பொன்மணி. மூன்று பேரும் குனிந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தாள்.

"சரிண்ணே, நீங்க போயித் தண்ணி குடிங்க" என்றாள். "எல்லாரும் இருக்கோம்."